தரிசு என்று எழுதிய கை

(தென்சென்னையில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியது. செல்பேசிப் பதிவிலிருந்து எழுதி எடுக்கப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

போன மாதம் செம்மஞ்சேரியில் ஒரு சின்னக் கூட்டம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றிப் பேசி முடிச்சு உட்கார்ந்தேன். பின்னாடி நின்னுக்கிட்டிருந்த ஒரு தம்பி, லோடு ஆட்டோ ஓட்டுறவர், கேட்டார்: "அண்ணே, நாரைக்கு வேலி போட்டு போர்டு வெச்சிருக்காங்க. அந்தக் காசுல எங்க பிளாக்குக்கு லைட்டு போட்டிருக்கலாம். நாரைக்கு நீங்க எதுக்கு வக்காலத்து வாங்குறீங்க?" கூட்டம் சிரிச்சது. நானும் சிரிச்சு மழுப்பிட்டு வந்துட்டேன். ஆனா அந்தக் கேள்வி என்கூடவே வந்துடுச்சு. அன்னிக்கு அவருக்குச் சொல்ல முடியாமப் போனதைத்தான் இன்னிக்கு உங்ககிட்ட சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். அந்தத் தம்பியின் சந்தேகம் நியாயமானது. இந்த நகரத்தில் 'சூழல் பாதுகாப்பு' என்ற சொல் நம் மக்களிடம் பெரும்பாலும் புல்டோசரோடுதான் வந்து சேர்ந்திருக்கிறது. கூவத்தை மீட்கிறோம் என்றார்கள். கரையில் இருந்த குடிசைகள் போயின. 2019 டிசம்பரில் சத்தியவாணி முத்து நகரை இடித்தார்கள். கல்வியாண்டின் நடுவில், குழந்தைகளைப் புத்தக மூட்டையோடு லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். சத்தியவாணி முத்து யார்? இந்த மாநிலத்தில் அமைச்சராக இருந்த தலித் பெண் தலைவர். அவர் பெயர் வைத்த குடியிருப்பை ஆற்றைக் காப்பாற்றுவதற்காக அகற்றினார்கள். சரி, அகற்றி எங்கே வைத்தார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில், வெள்ளம் வந்து தேங்குகிற தாழ்ந்த நிலத்தில். ஒரு நீர்நிலையைக் காப்பாற்ற நம்மை எடுத்து இன்னொரு நீர்நிலையின் மேல் வைக்கிறார்கள். அங்கே நாளைக்கு ஒரு சூழல்வாதி வந்து நம்மைப் பார்த்து 'ஆக்கிரமிப்பு' என்பார்.

இது முட்டாள்தனத்தால் நடந்தது என்று நான் நினைக்கவில்லை. இதற்குப் பின்னால் ஒரு வரைபடம் இருக்கிறது. அந்த வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் பறவையையும் காப்பாற்ற முடியாது, நம்மையும் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

காட்டுயிர் என்றால் நமக்கு உடனே முதுமலை, களக்காடு, யானை, புலி. அதற்கெல்லாம் வனத்துறை இருக்கிறது, 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் இலைக்கோழி, கூழைக்கடா, நீர்க்கோழி, சாரைப்பாம்பு, உடும்பு, குள்ளநரி, ஆமை, விரால் மீன், இவையெல்லாம் காட்டிலா இருக்கு? ஏரியில், கழுவெளியில், மேய்க்காலில், சுடுகாட்டுப் புதரில், சேரிக்கும் ஊருக்கும் நடுவில் கிடக்கிற நிலத்தில் இருக்கு. அந்த நிலத்தின் தலையெழுத்தை வனத்துறை எழுதுவதில்லை. வருவாய்த்துறைப் பதிவேடும், நகரமைப்புத் துறையின் மாஸ்டர் பிளானும்தான் எழுதுகின்றன. உடும்பு சாகுமா பிழைக்குமா என்பது ஒரு சர்வே எண்ணுக்கு என்ன வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளைக்காரன் செங்கல்பட்டு ஜில்லாவை அளந்தபோது அவனுக்கு ஒரே கவலை: எந்த நிலம் வரி கொடுக்கும்? நஞ்சை கொடுக்கும், புஞ்சை கொடுக்கும். கொடுக்காததெல்லாம் தரிசு, புறம்போக்கு. தண்ணீர் ஆறு மாதம் நின்று, ஆறு மாதம் வற்றி, கோரையும் மீனும் தருகிற கழுவெளி அவன் கணக்கில் ஒன்றுக்கும் உதவாத நிலம். அதில் கோரை அறுத்தவனும் மீன் துழாவினவனும் மாடு மேய்த்தவனும் பதிவேட்டில் வரமாட்டான். வரி கட்டாதவனுக்கு அங்கே பெயர் கிடையாது.

அதே ஜில்லாவில், அதே காலத்தில், அதே 'தரிசு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இன்னொன்றும் நடந்தது. கலெக்டர் திரமென்கீர் பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. தரிசு நிலங்களைத் தீண்டப்படாத மக்களுக்கு ஒப்படைப்பது. பத்து ஆண்டுகள் விற்கக்கூடாது, அதன் பிறகு விற்றாலும் அதே மக்களுக்குள்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம். அதற்கு என்ன ஆயிற்று என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1994 அக்டோபர் 10ஆம் தேதி காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காகத்தான் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

பள்ளிக்கரணை முழுவதும் பஞ்சமி நிலம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய். நான் சொல்வது வேறு. 'தரிசு' என்று எழுதுகிற கை ஒரே கை. அது நிலத்தைத் தரிசு என்று எழுதும்போது, அதில் வாழ்கிற உயிர்களையும் அதை நம்பிப் பிழைக்கிற மனிதர்களையும் சேர்த்தே அழிக்கிறது. நாளைக்கு அந்த நிலத்துக்கு விலை வந்தால், 'சும்மா கிடந்த இடம்தானே' என்று சொல்லி எடுத்துக்கொள்ள வசதி.

இனி பள்ளிக்கரணை. தெற்கே, மேற்கே இருக்கிற முப்பத்தொரு ஏரிகளின் உபரி நீர் படிப்படியாக இறங்கி இங்கே வந்து பரவும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழிமுகத்தில் கடலில் சேரும். அறுபதுகளில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு என்று கணக்குச் சொல்கிறார்கள். இன்று அதில் பத்தில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூட மிச்சம். அந்த மிச்சத்திலும் நூறு வகைக்கு மேல் பறவை, நாற்பதுக்கு மேல் மீன் வகை. பூநாரை வருகிற பருவத்தில் துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி நின்று பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் குப்பை மலை, ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடம், நடுவில் அது பாட்டுக்கு ஒற்றைக் காலில் நிற்கும்.

மீதி எங்கே போச்சு? இதைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். பெருங்குடியில் மாநகராட்சிக் குப்பைமேடு, இருநூறு ஏக்கருக்கு மேல். பக்கத்திலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். கடல் தொழில்நுட்பக் கழகம், காற்றாலை ஆற்றல் மையம் என்று மத்திய அரசின் நிறுவனங்கள். பறக்கும் ரயில் பாதை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வளாகங்கள். அதற்குத் தெற்கே 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், பதினைந்தாயிரம் வீட்டுக்கு மேல். பிறகு சுனாமி சமயத்தில் செம்மஞ்சேரி, ஆறாயிரத்துக்கு மேல். பிறகு பெரும்பாக்கம், எட்டு மாடி, இருபதாயிரத்துக்கு மேல்.

இப்போ இந்தப் பட்டியலை ஒரு கிராமத்து வரைபடமா நினைச்சுப் பாருங்க. ஊர் இருக்கு. ஊருக்கு வெளியே, தாழ்ந்த பக்கத்துல, தண்ணி வடியிற பக்கத்துல என்ன இருக்கும்? சேரி இருக்கும். செத்த மாடு போடுற இடம் இருக்கும். சுடுகாடு இருக்கும். குப்பை இருக்கும். இவையெல்லாம் ஒண்ணா இருக்கிறது தற்செயல் இல்லைன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சென்னைப் பெருநகரம் தன்னுடைய மலத்தையும் குப்பையையும் தலித்துகளையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அந்தக் குப்பையைக் கிளறிப் பிழைக்கிறவர்களும் நம் மக்கள்தான். நவீன நகரமைப்பு என்பது ஊர்–சேரிப் பிரிவினையை ஸ்கேல் வைத்து வரைந்தது. இது உவமைக்காகச் சொல்வதல்ல. நில உபயோக வரைபடத்தை விரித்தால் கண்ணால் பார்க்கலாம்.

இதோடு கிண்டியை ஒப்பிடுங்கள். அங்கேயும் காட்டுயிர் இருக்கிறது. புள்ளிமான், வெளிமான், நரி. அது கவர்னர் மாளிகை வளாகத்திலிருந்து பிரித்த நிலம். 1978இல் தேசியப் பூங்கா ஆகி, சுவரும் காவலும் வந்தது. சுமார் 270 ஹெக்டேர். அங்கே யாரும் போய்க் குப்பை கொட்டவில்லை, நல்லதுதான். கவர்னர் தோட்டத்து மானுக்குக் கிடைத்த மரியாதை கழுவெளி நாரைக்கு ஏன் கிடைக்கவில்லை? பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவிக்க 2007 ஆயிற்று. அதற்கு அக்கம்பக்கத்து நடுத்தர வர்க்கக் குடியிருப்போரும் சில சூழல் ஆய்வாளர்களும் வருடக்கணக்கில் மனு எழுதி, வழக்கு நடத்திப் பாடுபட்டார்கள். அதை நாம் மறுக்கக்கூடாது. நாம் அப்போது அங்கே இல்லை. ஏன் இல்லை என்று நாமும் யோசிக்கணும். மான் விஷயத்தில் பார்ப்பனர்கள் பேசுவார்கள், நமக்கென்ன என்று விட்டுவிட்டோம். அந்த வெற்றிடத்தில் அவர்கள் மொழியே சூழலியலின் மொழியாக ஆகிவிட்டது. அவர்கள் மனுக்களில் குடிசை என்றால் ஆக்கிரமிப்பு. வளாகம் என்றால் வளர்ச்சி.

சரி, மாஸ்டர் பிளான் என்பது என்ன? இது நம்மாளுங்க அலுத்துக்கொள்கிற பகுதி. இருந்தாலும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1971இல் தமிழ்நாட்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று குடிசைப் பகுதிகள் சட்டம். இன்னொன்று நகர் ஊரமைப்புச் சட்டம். முதல் சட்டம் நமக்குத் தெரியும், வாரியம் தெரியும், இப்போது 2021இல் அதன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியதும் தெரியும். இரண்டாவது சட்டம் நமக்குத் தெரியாது. ஆனால் முதல் சட்டம் நம்மை எங்கே கொண்டு போய் வைக்கலாம் என்பதை இரண்டாவது சட்டம்தான் தீர்மானிக்கிறது. அந்தச் சட்டப்படி அமைந்ததுதான் சி.எம்.டி.ஏ. அது பெருநகரத்துக்கு ஒரு பெருந்திட்டம் போடும். முதல் திட்டம் எழுபதுகளில் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில் அரசாணையாகி வந்தது, 2026 வரைக்கும் என்று கணக்குப் போட்டு. மூன்றாவது அடுத்த இருபது ஆண்டுக்கானது. இதற்கிடையில் 2022இல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள். அதாவது ஐந்து மடங்கு. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து ஏரி, மேய்க்கால், காலனி எல்லாம் உள்ளே வந்தாச்சு. உங்களில் பாதிப்பேரின் சொந்த ஊர் இப்போது அந்த வரைபடத்துக்குள் இருக்கிறது.

திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு உபயோகம் எழுதியிருக்கும். குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, விவசாயம், நகர்ப்புறமல்லாதது. இரண்டாவது திட்டத்தின் விதிகளில் பள்ளிக்கரணைச் சதுப்பைத் தனியே குறிப்பிட்டு, சர்வே எண்களைப் பின்னிணைப்பில் கொடுத்து, கட்டுப்பாடு விதித்திருந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் பட்டியலில் எண் இல்லாத பக்கத்து நிலத்துக்குத் தண்ணீர் வராது என்று யாராவது தண்ணீருக்குச் சொல்லி வைத்தார்களா? பட்டியலுக்கு வெளியே இருக்கிற சதுப்பு, காகிதத்தில் சதுப்பே இல்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்று பார்த்தால் சதுப்பின் உண்மையான எல்லை தெரியும். அந்த வரைபடத்தை மழையே வரைந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறது.

இன்னொரு வாசல், உபயோக மாற்றம். இன்று விவசாயம் என்று இருக்கிற சர்வே எண்ணை நாளைக்குக் குடியிருப்பு என்று மாற்றச் சொல்லி ஒருவர் விண்ணப்பிக்கலாம். பத்திரிகையில் நோட்டீஸ் வரும். ஆட்சேபணை இருந்தால் இருபத்தோரு நாளைக்குள் எழுதித் தரணும். அந்த நோட்டீஸை நீங்க பார்த்திருக்கீங்களா? வரி விளம்பரத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், மணமகள் தேவைக்கும் நாய்க்குட்டி விற்பனைக்கும் நடுவில் இருக்கும். அந்த நிலத்தில் ஆடு மேய்க்கிற அம்மா அந்தப் பேப்பர் வாங்குவதில்லை. அங்கே முட்டை வைக்கிற ஆள்காட்டிக் குருவியும் வாங்குவதில்லை. இருபத்தோரு நாள் முடிந்தால் 'ஆட்சேபணை ஏதும் வரவில்லை' என்று கோப்பில் எழுதுவார்கள். நாம் பேசாமல் இருந்தது சம்மதம் என்று ஆகிவிடும்.

என் அனுபவம் ஒன்று சொல்றேன். ஒரு நோட்டீஸைப் பார்த்துவிட்டு அந்த இடத்தின் வரைபடம் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். கவுண்டரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க பிளாட் அங்க இருக்கா?" இல்லை என்றேன். "அப்புறம் உங்களுக்கு என்ன?" அங்கே ஏரித் தாங்கல் இருக்கு, பறவை இருக்கு, எங்க காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை இருக்கு என்றேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. நிலம் வைத்திருக்கிறவன்தான் 'பாதிக்கப்பட்டவன்' என்பது அவர் பயிற்சி. நிலம் மறுக்கப்பட்ட ஒரு சமூகம் இந்த நாட்டில் நிலத்தைப் பற்றி வாய்திறக்கவே கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனா தோழர்களே, சட்டம் அப்படிச் சொல்லல. மாஸ்டர் பிளான் வரைவுக்கு யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதலாம். கெஜட்டில் வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தரணும். கவுண்டர் ஆள் கேட்ட கேள்வி சட்டத்தில் இல்லை.

இங்கே எனக்கு மஹத் ஞாபகம் வருகிறது. சவுதார் குளத்துப் போராட்டம் 1927 மார்ச்சில் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது பலருக்குத் தெரியாது. 1923இலேயே பம்பாய் சட்டசபையில் போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுக் குளம், கிணறு எல்லாம் எல்லாருக்கும் என்று சொல்லிவிட்டது. 1924இல் மஹத் நகராட்சியும் தீர்மானம் போட்டுக் குளத்தைத் திறந்துவிட்டது. காகிதத்தில். மூன்று வருஷம் ஒருத்தரும் இறங்கித் தண்ணி எடுக்க முடியவில்லை. பாபாசாகேப் போய் இறங்கினபிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. நகரமைப்புச் சட்டமும் இப்போது அந்த 1924ஆம் வருஷத்து நிலையில்தான் இருக்கிறது. கதவு திறந்திருக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் இன்னும் இறங்கவில்லை.

சதுப்பு நிலத்துக்கென்று 2017இல் மத்திய அரசு விதிகள் போட்டது. சதுப்பை வேறு உபயோகத்துக்கு மாற்றக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, பத்து வருஷத்துச் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. ஆனால் அதே விதிகள் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை, நெல் வயல்களை, 'சதுப்பு' என்ற வரையறைக்கு வெளியே தள்ளிவிட்டன. நம்ம ஊர் ஏரி எல்லாமே மனுஷன் வெட்டினதுதானே! எவன் முதுகு ஒடிய வெட்டினான் என்பது வேறு கதை. முப்பத்தொரு ஏரிக்கு ஒரு விதி, அவை வந்து விழுகிற சதுப்புக்கு ஒரு விதி. நாரை இரண்டிலும் மேய்கிறது, அதற்கு இந்த வரையறை தெரியாது.

2022இல் பள்ளிக்கரணை ராம்சார் தலமானது. 1,247 ஹெக்டேர் என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். வனத்துறையின் கையில் இருக்கிற காப்புக்காடு எழுநூறு ஹெக்டேர் அளவுக்குத்தான். மீதியில் பட்டா நிலமும் அடக்கம். ஆகவே எல்லை எது, யார் அளந்தது என்று சண்டை. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் பகுதிக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும், ஆய்வு முடியும்வரை திட்ட அனுமதி தரக்கூடாது என்றது. அக்டோபரில் பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. பத்திரிகைகள் பறவைக்கு வெற்றி என்று எழுதின.

நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு கிலோமீட்டர் என்றதும் எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. அந்தக் கோட்டுக்குள் அரை கிரவுண்டு வாங்கி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுக்கொண்டு, இந்த வருஷமாவது ஒட்டு வீட்டைத் தளம் போடலாம் என்று சீட்டுப் பிடித்து வைத்திருக்கிறவன் இருக்கிறான். பெரிய கம்பெனிக்கு வக்கீல் உண்டு. கோடு போடுவதற்கு முன்னாலேயே அனுமதி வாங்கி வைத்துக்கொள்ள ஆள் உண்டு. இவனுக்கு யார்? அதனால் நாம் 'கோடு வேண்டாம்' என்று சொல்லக் கூடாது. கோட்டை எப்படி வரைவது என்று சொல்ல வேண்டும். தண்ணீர் போகிற வழியில் இருக்கிற நானூறு வீட்டு வளாகத்தையும், மேட்டில் இருக்கிற ஒற்றை வீட்டையும் ஒரே தராசில் வைக்காதே என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அதைச் சூழல்வாதிகள் நமக்காக எழுத மாட்டார்கள். கட்டுமான முதலாளிகள் எழுதுவார்கள், நம்ம வீட்டைக் காட்டித் தங்கள் கோபுரத்தைக் காப்பாற்றிக்கொள்ள. அந்தக் கூட்டத்தோடு போய் நிற்பது நமக்கு அவமானம். இதில் சிலர் என்னோடு உடன்படமாட்டீர்கள் என்று தெரியும். விவாதிக்கலாம்.

பறவைக்கும் நமக்கும் நடுவில் ஒரு சண்டையைக் கட்டிவிடுவது ரொம்ப சுலபம். இருளர்களுக்கு அதுதான் நடந்தது. காட்டுயிர்ச் சட்டம் வந்து எழுபதுகளில் பாம்புத் தோல் வணிகம் நின்றபோது, தோல் ஏற்றுமதி செய்த முதலாளிக்கு வேறு தொழில் கிடைத்தது, பாம்பு பிடித்த இருளருக்குப் பட்டினி கிடைத்தது. பிறகு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வடநெம்மேலியில், இங்கிருந்து தெற்கே போனால் கடற்கரைச் சாலையில். பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துத் திரும்ப விட்டுவிடுவது. நாடு முழுவதும் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் போகிறது. உயிரினத்தைப் பற்றிய அறிவு அதை அண்டி வாழ்கிறவனிடம்தான் இருந்தது. அந்த அறிவுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தபோது இரண்டு பேரும் பிழைத்தார்கள். இதை நான் ரொம்பப் பெரிதாக்கிக் காட்டவும் விரும்பவில்லை. எத்தனையோ இருளர் குடும்பங்களுக்கு இன்னும் மனைப்பட்டா இல்லை. ஆனால் வேறு வழி உண்டு என்பதற்கு அது சாட்சி.

வேடந்தாங்கலைச் சொல்வார்கள். ஊர் மக்களே பறவையைக் காத்தார்கள், எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், 1798இலேயே கலெக்டர் அங்கீகரித்தார் என்று. உண்மை. அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் யாருடையது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கணும், அவ்வளவுதான். 2020இல் அந்தச் சரணாலயத்தின் எல்லையை ஐந்து கிலோமீட்டரிலிருந்து மூன்றாகக் குறைக்க முன்மொழிந்தபோது எதிர்ப்பு வந்து, அது கைவிடப்பட்டது. எழுதிக் கொடுத்த மனுக்களுக்கு அதில் பங்கு உண்டு.

கிராமத்திலிருந்து வந்திருக்கிறவர்கள் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தைப் படியுங்கள். மேய்க்கால், களத்துமேடு, இடுகாடு சுடுகாடு, மாடு கட்டுகிற இடம், வண்டிப்பாதை, தோப்பு இந்தப் புறம்போக்குகளைப் பற்றி அதில் பேசுகிறது. இதெல்லாம் நம்ம ஆளுங்க புழங்குற இடம், உடும்பும் காடையும் இருக்கிற இடம். கிராம சபையில் போய் உட்கார்ந்து 'இந்த எண் மேய்க்காலாகவே இருக்கணும்' என்று தீர்மானம் எழுத வையுங்கள். நாற்காலி தரமாட்டான் என்றால் நின்றுகொண்டே சொல்லுங்கள், பதிவேட்டில் ஏறினால் போதும். இன்னொன்று: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நம் மக்கள் பயன்படுத்துகிற நீர்நிலையைக் கெடுப்பதே குற்றம். ராத்திரியில் லாரி கொண்டுவந்து கழிவுநீரைத் திறந்துவிடுகிறானே, அங்கே இந்தப் பிரிவை யாராவது கேட்டுப் பார்த்திருக்கோமா? வழக்கறிஞர் தோழர்கள் யோசிக்கணும்.

இனி வேலை. மூன்றாவது மாஸ்டர் பிளானுக்கு நாம் கொடுக்கப்போகும் மனுவில் கோஷம் வேண்டாம். முதல் வரியில் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு. இரண்டாவது, 'அ' பதிவேட்டில் அந்த நிலம் என்னவென்று இருக்கிறது. மூன்றாவது, உண்மையில் அங்கே என்ன இருக்கிறது: எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், என்ன பறவை வரும், எங்கே கூடு கட்டும், என்ன மீன், யார் மாடு மேய்க்கிறார்கள், எந்தக் காலனிக்கு அது வழி. பறவைக்குப் புத்தகப் பெயர் தெரியாவிட்டால் உங்க ஊர்ப் பெயரை எழுதுங்க, போட்டோவை ஒட்டுங்க, தேதி போடுங்க. நான்காவது, 2015லும் 2023லும் தண்ணீர் எந்த அளவுக்கு வந்தது, சுவரில் கறை இருந்தால் அளந்து எழுதுங்க. ஐந்தாவது, என்ன வேண்டும் என்பது: இந்த எண்ணைச் சதுப்பாகக் குறி, இந்தக் காலனியைக் குடியிருப்பாகக் குறி, வரைபடத்தில் எங்களைக் காலி இடமாகக் காட்டாதே, இனிமேல் மறுகுடியமர்வு என்று சொல்லி யாரையும் இந்தத் தாழ்ந்த நிலத்தில் கொண்டுவந்து கொட்டாதே. இந்த மூன்றும் ஒரே மனுவில் இருக்கணும். பிரித்தால் நம்மைப் பிரித்துவிடுவான். இரண்டு படி எடுத்துக் கொடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீங்க. பதில் வராவிட்டால் தகவல் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அந்த மனு எந்த மேசையில் தூங்குது என்று கேளுங்க.

நேத்து அந்த ஆட்டோத் தம்பியைப் பார்த்தேன். லைட் இன்னும் போடலையாம். ஆனா அவங்க பிளாக்குக்குப் பின்னாடி மழைக்காலத்துல தண்ணி நிக்கிற இடத்துல 'சாம்பக் கோழி' கூடு வைக்குமாம். எங்கே என்று காட்டுறேன் என்கிறார். அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஒக்கியம் மடுவுப் பாலத்தில் கூடுகிறோம். அங்கிருந்து நடை. கிராம வரைபடத்தின் நகல் ரெண்டு இருக்கு, ஜெராக்ஸ் எடுத்துப் பங்கிட்டுக்கலாம். நோட்டும் பென்சிலும் கொண்டு வாங்க. செருப்பு போதாது, முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கு. ஷூ இருக்கிறவங்க போட்டுட்டு வாங்க.